கறுப்புப் பை

உட்துறைமுக வீதியில் பொழுது சாய்கிறது. கிழக்குக் கரை ஊராக இருந்தும் திருகோணமலையில் சூரியன் தண்ணீருக்கு அப்பால் இறங்குவதை இங்கே நின்று பார்க்கலாம். மூதூர்ப் படகுத்துறை ஓய்ந்து கிடக்கிறது. சீனக்குடாப் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. குப்பை மேட்டருகே இரண்டு புள்ளிமான்கள் எதையோ மெல்லுகின்றன.

கடலோரக் கட்டில் மூன்று பெடியன்கள். 16, 17 வயதிருக்கும். ஒருவன் மடியில் புத்தகப் பை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீதியையே பார்த்திருக்கிறார்கள்.

ஒரு ஓட்டோ மெல்ல வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது சொல்லலாம். இறங்காமலே இருக்கைக்கு அடியிலிருந்து கறுப்புப் பொலித்தீன் பையொன்றை எடுத்து நீட்டுகிறார். புத்தகப் பைக்காரன் சுருட்டி வைத்திருந்த காசைக் கொடுக்கிறான். "மிச்சத்த வைங்க அண்ணா." ஓட்டோ போய்விட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. கடையில் யாரும் அதை மீறியிருக்க மாட்டார்கள். வாங்கியவருக்குத்தான் நாற்பது வயதாயிற்றே.

பைக்குள் பியர் டின்கள். ஒருவன் சோடாப் போத்தலைக் கடலில் கவிழ்த்துவிட்டு அதற்குள் பியரை ஊற்றுகிறான். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்தக் கைப்பழக்கம்தான் என் நெஞ்சை அடைக்கிறது. மீசை அரும்பாத மூன்றாமவன் முதல் மிடறிலேயே முகம் சுளிக்கிறான். மற்றவன் போனை உயர்த்தி அந்தச் சுளிப்பைப் படம் பிடிக்கிறான்.

இவர்களுடைய தகப்பன்மார் இந்த வயதில், இந்த நேரத்தில், இங்கே இருந்திருக்க முடியாது. பொழுதுபட்டால் சோதனைச் சாவடி, அடையாள அட்டை, சாத்திய கதவு. குடி என்றால் தவறணைக் கள்ளு, இல்லாவிட்டால் எவரோ காய்ச்சிய கசிப்பு. அதெல்லாம் பெரியவர்களின் சங்கதி. கலியாண வீட்டுப் பின்வளவில் ஒரு மிடறு களவாகக் குடித்த பெடியனை வாடை காட்டிக்கொடுத்துவிடும். மாமனோ சித்தப்பனோ காதைத் திருகுவார். 2009இல் யுத்தம் முடிந்தது. மெல்ல மெல்ல மாலைப்பொழுது எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதைப் பிள்ளைகள் எதைக்கொண்டு நிரப்புவார்கள் என்று பெரியவர்கள் நாங்கள் யோசிக்கவேயில்லை.

ஐஸ்லாந்தில் யோசித்தார்கள். 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் கணக்கெடுப்புக்கு முந்திய மாதத்தில் வெறிக்கக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 ஆகிவிட்டது. விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம் ஒதுக்கினார்கள். தாய் தகப்பன்மார் இரவில் தெருத்தெருவாக நடந்து பார்த்தார்கள். இங்கே மக்கெய்சர் விளையாட்டரங்கு இருக்கிறது, ஏகாம்பரம் மைதானம் இருக்கிறது. இந்த மூவரும் இருப்பது கடலோரக் கட்டில்.

மீசை அரும்பாதவன் எழுந்து போய்க் கல்லிடுக்கில் குனிகிறான். வாந்தி. கடல்நீரை அள்ளி முகம் கழுவுகிறான். போன் அடிக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுக்கிறான்.

"கிளாஸ் இன்னும் முடியல்லம்மா."

நன்றாக இருட்டிவிட்டது. அதே ஓட்டோ திரும்பி வருகிறது. சற்றுத் தள்ளி, வேறு நான்கு பேருக்கு முன்னால் நிற்கிறது. மறுபடியும் கறுப்புப் பை.

அண்ணன்மாரே, தம்பிமார் காசை நீட்டினாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.