கொசுறுக் குருவி

ராத்திரி 3 மணி எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 2022-ல் ஏறக்குறைய இரண்டு மாதம் தினமும் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம், தெருநாய், தூரத்தில் ஒரு ரயில். பக்கத்தில் வீட்டம்மா தூங்குவது போல் நடித்துக்கொண்டிருப்பார்.

விஷயம் இதுதான். அகமதாபாத்தில் கிளை மேலாளராக இருந்தபோது, 2019-ல், ஒரு ரெடிமேட் துணி வியாபாரிக்கு 25 லட்சம் கேஷ் கிரெடிட் கொடுத்தேன். நல்ல மனிதர். அடுத்த வருஷம் கொரோனா. வட்டி கட்ட ரிசர்வ் வங்கி கொடுத்த அவகாசம் 2020 ஆகஸ்ட் 31-ல் முடிந்தது. அவர் கடை அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. 2021-ல் கணக்கு வாராக்கடன் ஆனது. நான் நாக்பூருக்கு மாற்றலாகி வந்து உட்கார்ந்த பிறகு, மெமோ வந்தது.

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். கடன் மூழ்கினால் கையெழுத்துப் போட்டவனைக் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். என்னிடம் கேட்ட ஏழு கேள்விகளில் ஆறுக்குப் பதில் இருந்தது. ஏழாவதுதான் தொண்டையில் மாட்டிய முள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடோனுக்குப் போய் சரக்கைப் பார்க்க வேண்டும். 2020 ஜனவரி முதல் மார்ச் வரை நான் போகவில்லை. ஏன்?

ஒரு பதில் தயாராக இருந்தது: "ஊரடங்கு." யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். ஆனால் ஊரடங்கு வந்தது மார்ச் 25-ல். அதற்கு முன் 84 நாள் இருந்தது. பி.காம். படித்தவனுக்கு நாள் எண்ணத் தெரியாதா என்ன! உண்மை என்னவென்றால், வேலை நெருக்கடியில் தள்ளிப் போட்டேன். அவ்வளவுதான்.

வேலை போய்விடுமோ, மகள் படிப்பு என்னாகும், ஊரில் என்ன பேசுவார்கள்... கவலை ஒன்றுக்கொன்று குட்டி போட்டது. இதைவிட மோசம், சந்தேகம். நாசரேத்தில் பிறந்து, கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்த 3 மணிக்கு ஜெபம் பண்ணினால், கூரை வரைக்கும்கூடப் போகாத மாதிரி இருந்தது. இத்தனை கோடி ஜனத்தில் என் மெமோ கடவுளுக்கு ஒரு விஷயமா?

ஊரிலிருந்து அம்மா போனில், "என்னய்யா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்பார்கள். "சளிம்மா" என்பேன். வெளியூரில் இருப்பவர்களுக்கு அடிக்கடி பிடிக்கும் சளி அது. உங்களுக்கும் பிடித்திருக்கும்.

ஒருநாள் குடும்ப ஜெபத்தில் மகள் லூக்கா 12 வாசித்தாள். எட்டாம் வகுப்பு. பாதியில் நிறுத்திவிட்டு, "அப்பா, மத்தேயுல ஒரு காசுக்கு ரெண்டு குருவி. இங்க ரெண்டு காசுக்கு அஞ்சு. கணக்கு இடிக்குதே?" என்றாள்.

"இடிக்கலம்மா. ரெண்டு காசுக்கு நாலுதான் வரும். மொத்தமா வாங்கினா ஒண்ணு கொசுறு."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. காய்கறிக்காரர் பையில் போடும் கறிவேப்பிலை மாதிரி ஒரு குருவி. அதற்கு விலை இல்லை. எந்தப் பேரேட்டிலும் அதற்கு ஒரு வரி கிடையாது. அந்த ஐந்தில் ஒன்றுகூட மறக்கப்படவில்லை என்றுதான் இயேசு சொல்கிறார். நாற்பது வருஷமாகக் கேட்ட பகுதி. அன்றைக்குத்தான் அந்த ஐந்தாவது குருவியைப் பார்த்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். குருவி கீழே விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை. மத்தேயுவில் அது விழத்தான் செய்கிறது. பிதா அறியாமல் விழுவதில்லை, அவ்வளவே. அப்படியென்றால் மெமோ நல்லபடியாக முடியும் என்று எனக்கு உத்தரவாதம் இல்லை. விழுந்தாலும் கணக்கில் இருக்கிறேன். விசித்திரமாக, அதுவே போதுமாக இருந்தது.

சந்தேகம் அன்றோடு ஓடிவிட்டதா என்றால், இல்லை. மாற்கு 9-ல் நோயாளி மகனோடு வந்த தகப்பன் ஞாபகத்துக்கு வந்தார். நம்புகிறேன் என்றும் சொல்கிறார், என் அவநம்பிக்கைக்கு உதவும் என்றும் அதே மூச்சில் கேட்கிறார். இயேசு அவரை முழு நம்பிக்கையோடு திரும்பி வா என்று அனுப்பவில்லை. பையன் குணமானான். அரைகுறை விசுவாசத்தோடும் போகலாம் என்று தெரிந்ததும், ஜெபிப்பது சுலபமானது.

மறுநாள் பதில் எழுதினேன். ஏழாவது கேள்விக்கு: "அந்தக் காலாண்டில் ஆய்வுக்குப் போகவில்லை. ஊரடங்குக்கு முன் நேரம் இருந்தது. தவறு என்னுடையது." வீட்டம்மாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "அனுப்புங்க அத்தான்" என்றார். அன்று ராத்திரி 3 மணியை நான் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்து முடித்தார்கள். அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பேர் இல்லை. வருத்தம்தான். பொய் சொல்லியிருந்தால் வந்திருக்குமோ என்னவோ. ஆனால் அந்தப் பொய்யை யாராவது கண்டுபிடிப்பார்களோ என்று இன்றுவரை விழித்திருப்பேன்.

அம்மாவிடம் எல்லாம் முடிந்த பிறகு சொன்னேன். "அந்தச் சளிதானாக்கும்! எனக்கு அப்பவே தெரியும்யா. தெனமும் ஜெபம் பண்ணிட்டுத்தான் இருந்தேன்" என்றார்கள்.

உங்களுக்கும் அந்தச் சளி இருந்தால், இன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள்.