ஒத்தை சீட்டு

புல்லட் வெச்சிருக்கறவங்க ரெண்டு வகை. வண்டியைப் பத்திப் பேசறவங்க, முதுகுவலியைப் பத்திப் பேசறவங்க. நாப்பது வயசு தாண்டினா முதல் வகை தானாகவே ரெண்டாவது வகைக்கு மாறிடும். நானும் மாறிட்டேன் மக்களே :-)

என்னோடது 1998 மாடல் 350. கிக்கர் மட்டும்தான். வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். அப்பா பி.எஃப். பணத்துல வாங்கினது. போன வருஷம் இடுப்புல ஆரம்பிச்ச வலி இடது தொடை வழியா முழங்கால் வரைக்கும் இறங்கிடுச்சு. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துட்டு டிஸ்க் லேசா பிதுங்கியிருக்குன்னார். ஆறு வாரம் வண்டியைத் தொடக்கூடாது. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க, கால்ல வலி இறங்கினா வண்டியை வித்துடுங்கன்னு சொல்லிட்டார். சண்டை போடாம, சிரிச்சுக்கிட்டே சொன்னார். அதுதான் பயமா இருந்தது.

அந்த ஆறு வாரத்துல வண்டியைத் தொடலை. சீட்டைப் பத்தி மட்டும் யோசிச்சேன்.

கடையில இருக்கற நீள சீட்டு ரெண்டு பேருக்கானது. ரெண்டு பேருக்கானதுன்னா ரெண்டு பேருக்கும் பொதுவா வெட்டினதுன்னு அர்த்தம். ஒரு ஆளோட இடுப்பு எலும்புக்கு அளவெடுக்கணும்னா ஒத்தை சீட்டுதான் தோது. பழைய காலத்து வண்டிகள்ல அடியில ஸ்பிரிங் வெச்ச ஒத்தை சீட்டைப் பார்த்திருப்பீங்க. அது ஸ்டைலுக்கு வந்ததில்லை. அப்போ பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்சக்கரத்துல ஷாக் அப்சார்பரே கிடையாது. முதுகைக் காப்பாத்தினது சீட்டு ஸ்பிரிங்தான். 1949-ல இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்து வந்த புல்லட்டுக்குப் பின்னாடியும் சஸ்பென்ஷன் இருந்தது. 1955-ல மெட்ராஸ்ல என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி ஆரம்பிச்சு, வண்டி நம்ம ஊர் வண்டி ஆச்சு. போகப் போக நீள சீட்டு வந்து ஸ்பிரிங் சீட்டு மறைஞ்சது. 2009-ல வந்த கிளாசிக்ல மறுபடி தலையைக் காட்டுச்சு.

இதுல ஒரு சிக்கல். ஒத்தை சீட்டுன்னா பின்னாடி ஆள் கிடையாது. என் வீட்டம்மாவுக்குச் சொந்தமா ஸ்கூட்டி இருக்கு, "இந்த டமடம வண்டியில எவ ஏறுவா"ன்னு எப்பவோ சொல்லியாச்சு. பின்சீட்டு உண்மையில அப்பாவோட இடம். பேங்க், ரேஷன், கண் ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அதுலதான் வருவார். இப்ப எழுபத்தாறு வயசு. காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாம ரெண்டு வருஷமா ஆட்டோதான். ஏற முடியலைன்னு அவர் வாயால ஒருநாளும் சொன்னதில்லை. "ஆட்டோல போனா வெயில் படாதுடா"ன்னுதான் சொல்வார். அந்த சீட்டைக் கழட்டறேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

மூணு நாள் தள்ளிப்போட்டேன். நாலாவது நாள் சாப்பிடறப்போ சொன்னேன். மோர் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "பழைய சீட்டை வெட்டாத. அப்படியே பரண்ல போடு. புதுசுக்குத் தனியா பிராக்கெட் அடி"ன்னார். அவ்வளவுதான். அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல ஃபிட்டரா இருந்தவர். அதுக்கப்புறம் இது என் வேலையா இல்லை, அவர் வேலை ஆயிடுச்சு.

முதல்ல அளவு. வாசப்படியில ஒரு அட்டைப்பெட்டியோட அட்டையைப் போட்டு, வண்டியில உக்கார்ற மாதிரி லேசா முன்னால சாஞ்சு ரெண்டு நிமிஷம் உக்காரணும். எழுந்து பார்த்தா அட்டையில ரெண்டு குழி இருக்கும். நம்ம எடையைத் தாங்கற ரெண்டு எலும்பு அது. நடுவுக்கு நடு எனக்கு 12 செ.மீ. வந்தது. அந்த ரெண்டு எலும்பும் சீட்டோட தட்டையான பாகத்துல முழுசா உக்காரணும். விளிம்புக்குப் போயிட்டா தொடை நரம்பு அழுந்தும். பார்க்க அழகா இருக்கற 9 இன்ச் சீட்டை வேணாம்னுட்டு, பின்பக்கம் 11 இன்ச், முன்மூக்கு 5 இன்ச்னு வரைஞ்சோம். மூக்கு அகலமா இருந்தா சிக்னல்ல கால் தரைக்கு எட்டாது.

அந்தப் படத்தோட ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனோம். ஒரு சீட்டுக் கடை பாய் படத்தைப் பார்த்துட்டு, "நல்லா மெத்துமெத்துன்னு போட்டுடலாமா சார்?"ன்னார். அப்பா முந்திக்கிட்டு, "மெத்தை வேணாம் தம்பி, பெஞ்சு மாதிரி வேணும்"னார். பாய் சிரிச்சுட்டார். ஆனா அவருக்குப் புரிஞ்சது.

மெத்துன்னு இருக்கற ஸ்பாஞ்ச் கடையில கட்டை விரலால அமுக்கிப் பார்க்கும்போது சுகமா இருக்கும். அரைமணி உக்காந்தா நசுங்கி, எலும்பு அடித்தகட்டுல போய் முட்டும். அதுக்கப்புறம் உக்கார்றது ஸ்பாஞ்ச் மேல இல்லை, இரும்பு மேல. அதனால அடியில கெட்டியான ரீபாண்ட் ஒன்றரை இன்ச், மேல கொஞ்சம் இளகின ஃபோம் ஒரு இன்ச். நடுவுல பெரிய பள்ளம் வேணாம்னோம். பள்ளம் ஆளை ஒரே இடத்துல பிடிச்சு வெச்சுக்கும். தூரம் போகும்போது அரை இன்ச் முன்ன பின்ன நகர்ந்து உக்கார இடம் வேணும், முதுகுக்கு அதுதான் ஓய்வு. முதுகுத்தண்டோட அடிநுனி வர்ற இடத்துல மட்டும் கீழ் ஃபோம்ல ஒரு வாய்க்கால் வெட்டினார். மேல ரெக்சின். தோல்னா மழைக்கு ஆகாது. உக்கார்ற இடத்துல தையல் வராம பார்த்துக்கிட்டார், தையல் ஓட்டை வழியாத்தான் ஃபோம் தண்ணி குடிக்கும்.

அடுத்தது பொருத்தறது. இதுல விளையாட்டு கிடையாது. ஸ்பிரிங்கை மட்கார்டு தகட்டுல போல்ட் போட்டு நிறுத்தியிருக்கறதை நிறைய வண்டியில பார்க்கலாம். மட்கார்டு மழைத்தண்ணியைத் தடுக்க வந்தது, ஆளைச் சுமக்க வந்ததில்லை. கொஞ்ச நாள்ல ஓட்டையைச் சுத்தி விரிசல் விடும். நாங்க பழைய சீட்டோட போல்ட் ஓட்டைகள் மேலயே 5 எம்.எம். தகட்டுல ஒரு குறுக்குப் பட்டை கொடுத்து, ரெண்டு ஸ்பிரிங்கோட அடியையும் அதுல இறுக்கினோம். முன்மூக்குக்கு ஃபிரேம் குழாயைக் கவ்வற ரப்பர் வெச்ச கிளாம்ப், அதுல ஒரு கீல். ஃபிரேம்ல ஒரு வெட்டு, ஒரு ஓட்டை, ஒரு வெல்டிங் கிடையாது. எல்லாம் 8 எம்.எம். போல்ட், நைலாக் நட்டு. கீலுக்குப் பித்தளை புஷ் அப்பாவே பக்கத்துத் தெரு லேத்துல நின்னு கடைஞ்சு வாங்கிட்டு வந்தார்.

ஸ்பிரிங் அமுங்கினா சீட்டு மட்கார்டுல இடிக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அப்பா சமையலறைக்குப் போய் ரெண்டு சப்பாத்தி மாவு உருண்டை எடுத்துட்டு வந்தார். வயர் போற இடத்துல ஒண்ணு, மட்கார்டு மேல ஒண்ணு. "ஏறிக் குதிடா." 82 கிலோவோட குதிச்சேன். எடுத்துப் பார்த்தா மாவு 18 எம்.எம். கனம் மிச்சம் இருந்தது. ஒரு விரல் கனமாவது மிஞ்சணும்கறது அவர் கணக்கு. பாஸ். அன்னிக்கு ராத்திரி சப்பாத்தி ரெண்டு குறைஞ்சதுக்கு வீட்டுல வாங்கின திட்டு தனிக்கணக்கு.

சாய்மானம் பார்க்க ரசமட்டம். இதைச் சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பார்த்தா பிரயோஜனம் இல்லை. ஆள் ஏறினதும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டுமே இறங்கும். ரெண்டு சக்கரமும் தரையில இருக்க, நான் கொஞ்சம் பின்னால தள்ளி உக்கார, அப்பா மூக்குப் பக்கம் ரசமட்டத்தை வெச்சுப் பார்த்தார். மூக்கு தாழ்ந்திருந்தா டாங்க் பக்கம் வழுக்கிக்கிட்டே இருப்போம், பாரம் மணிக்கட்டுக்குப் போகும். தூக்கியிருந்தா கவட்டை அழுந்தும், இடுப்பு பின்னால மடங்கும். என் முதுகுக்கு அது ஆகவே ஆகாது. கீல்ல வாஷர் கூட்டிக் குறைச்சு மட்டத்துக்குக் கொண்டு வந்தோம்.

முதல்ல இருந்த ஸ்பிரிங் ரொம்ப இளசு. வேகத்தடையில ஷாக் அப்சார்பர் ஒரு தாளம், சீட்டு ஒரு தாளம்னு வண்டி டான்ஸ் ஆடுச்சு. புதுப்பேட்டையில தேடி, கம்பி தடிமனான ஜோடி ஒண்ணு மாத்தினதும் அடங்கிடுச்சு.

அப்புறம் பரீட்சை. ஈ.சி.ஆர்.ல ஓட்டினா எந்த சீட்டும் பாஸாயிடும். திண்டிவனத்துல இருந்து செஞ்சி வழியா திருவண்ணாமலை போனேன். அரைமணியில இடுப்பு லேசா இறுகுச்சு. ஒரு மணி நேரத்துல செஞ்சிக் கோட்டை தாண்டியாச்சு. கால்ல வலி இறங்கலை. டீக்கடையில நிறுத்தி டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி ரெண்டு நிமிஷம் பின்னால வளைஞ்சேன். டீ ஆத்தறவர் விநோதமா பார்த்தார். பார்க்கட்டும். வண்டியை விக்க வேண்டாம்.

வலி போயிடுச்சுன்னு சொல்லலை. சீட்டு வைத்தியம் இல்லை. முக்கால் மணிக்கு ஒருதடவை இறங்கறேன், காலையில பயிற்சி செய்யறேன். சீட்டு செய்யறது ஒண்ணுதான்: எடையை எலும்பு மேல நிறுத்தி நரம்பை விட்டுடுது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்பானரோட நின்னார். புது போல்ட் 100 கிலோமீட்டர்ல ஒருதடவை, 500-ல ஒருதடவை இறுக்கணுமாம். குந்தி உக்கார முடியாம ஸ்டூல் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா இறுக்கினார். கடைசி நட்டுக்கு வந்ததும், "பரண்ல இருக்கற சீட்டை மாட்ட எத்தனை நிமிஷம் ஆகும்?"னு கேட்டார். இருபதுன்னேன். தலையாட்டிட்டு ஸ்பானரைத் துடைச்சு வெச்சார்.

டிஸ்கி: ஸ்பிரிங் சீட்டு வண்டியில சின்னப் பசங்களைப் பக்கத்துல விடாதீங்க, ஸ்பிரிங் இடுக்குல விரல் மாட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு ரெண்டும் வண்டி மாற்றங்கள்ல கறார். ஆர்.சி. புக்ல ரெண்டு பேர்னு இருக்கற வண்டி இது. உங்க ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஸ்பானரை எடுங்க.