செண்பகத்தோப்பும் கூகுள் எர்த்தும்

புவியியல் வகுப்பில் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டென்றால் அது சம உயரக் கோடுகள்தான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை மேசையில் விரித்து, "கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு" என்பார் சார். மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கிவிட்டேன். ஆனால் அந்தப் பழுப்புக் கோடுகளுக்குள் எனக்கு ஒரு மலையும் தெரிந்ததில்லை.

ஒரு நாள் லேபில் சார் கூகுள் எர்த்தைத் திறந்து செண்பகத்தோப்பைக் காட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலை அடிவாரம். 1988-ல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாகி, 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமான காடு. படத்தைச் சாய்த்ததும் மலை எழுந்து நின்றது! ஓடை நெடுக ஒரு கோடு இழுத்து, அது ஏறி இறங்கும் உயரத்தையும் வரைந்து காட்டினார். திரையில் எங்கே செங்குத்தோ, தாளில் அங்கே கோடுகள் நெருக்கம். அட, இவ்வளவுதானா!

அக்டோபரில் வனத்துறை அனுமதி வாங்கி நேரிலேயே போனோம். மதியச் சாப்பாட்டுக்கு இடம் பார்த்தது அடியேன்தான். திரையில் ஓடை வெள்ளை மணலாக, அகலமாகக் கிடந்தது. நேரிலும் அப்படியே. பொட்டலத்தைப் பிரிக்கப் போகும்போது அங்கே குடியிருக்கும் பளியர் பெரியவர் ஒருவர் கரையிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, மேல கருத்திருக்கு. ஓடைக்குள்ள உக்காராதீங்க, ஏறி வாங்க."

எங்கள் தலைக்கு மேலோ நல்ல வெயில். மனசில்லாமல் ஏறினோம். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, குச்சியும் இலையுமாகச் செந்தண்ணீர் உருண்டு வந்து நாங்கள் உட்கார இருந்த இடத்தை மூடிவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் படத்தின் அடியில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஏப்ரல்! கோடைக்கால ஓடையைப் பார்த்துவிட்டு வடகிழக்குப் பருவமழையில் இலை போடப் போயிருக்கிறேன். இதில் படத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. அவ்வளவு செங்குத்தில் மழை பெய்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை அதே திரை எனக்குக் காட்டியிருந்தது. எனக்குத்தான் அது மார்க்குக்கான பாடமாகவே நின்றுவிட்டது.

கூகுள் எர்த்தில் ஒரே இடத்தின் பழைய படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கும் வசதி உண்டு. பயன்படுத்துங்கள் நண்பர்களே. கூடவே, போகிற ஊரில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். என் கள அறிக்கையில் "தகவல் மூலம்" என்ற இடத்தில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரி கூகுள் எர்த். இரண்டாவது, பெரியவர். சார் இரண்டாவதற்குத்தான் டிக் போட்டார் :)