மூன்று மணி அஞ்சல்

2024 அக்டோபரில் வார்ட் கிறிஸ்டென்சன் காலமான செய்தி வந்தது. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சிகாகோ நண்பர், "அவர் ஆரம்பித்துவைத்த வேலையை இன்றும் விடாமல் செய்கிற ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்" என்றார். அடுத்து சிகாகோ போனபோது அந்தப் பெரியவரைப் பார்த்தேன்.

கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் 1978 பிப்ரவரி 16 அன்று தொடங்கிய சிபிபிஎஸ்தான் தொலைபேசியில் கூப்பிட்டுச் செய்தி எழுதவும் படிக்கவும் வழிசெய்த முதல் பிபிஎஸ், அதாவது கணினி அறிவிப்புப் பலகை. கணினியை சூஸ் வீட்டில் வைத்தார்கள். அந்த வீடு நகருக்குள் இருந்ததால் பலருக்கும் உள்ளூர்க் கட்டணமே ஆனது. தொலைபேசி பில்லுக்குப் பயந்து பிறந்த நுட்பங்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

பெரியவர் அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்த்தவர். 1988 முதல் வீட்டு பேஸ்மென்ட்டில் பிபிஎஸ் நடத்துகிறார். இருந்தது ஒரே போன் லைன். ஒருவர் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு எங்கேஜ்ட் ஒலிதான். 1987இல் மார்க் ஹெரிங் உருவாக்கிய க்யூடபிள்யூகே பொதி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. புதிய செய்திகள் எல்லாம் சுருக்கிக் கட்டிய ஒரே கோப்பாக வந்துவிடும். லைனைத் துண்டித்துவிட்டு ஆற அமரப் படிக்கலாம். எழுதிய பதில்கள் அடுத்த அழைப்பில் இன்னொரு பொதியாகப் போகும். எண்ணைச் சுழற்றி, கடவுச்சொல் கொடுத்து, பொதியை வாங்கிக்கொண்டு லைனை வைக்கிற வேலையை ஒரு ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும்.

பழைய பொதி ஒன்றைத் திரையில் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு செய்தியும் 128 பைட் கட்டங்களாக வெட்டி அடுக்கப்பட்டிருந்தது. வரி முடியும் இடங்களில் எல்லாம் கணிதத்தின் 'பை' குறி நின்றது. 227ஆம் எண் பைட்டை அந்தக் காலத்து பிசி அப்படித்தான் காட்டும்.

ஊர் விட்டு ஊர் அஞ்சல் போக, பிபிஎஸ்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபிடோநெட் இருந்தது. 1984இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் டாம் ஜென்னிங்ஸும் பால்டிமோரின் ஜான் மேடிலும் தொடங்கியது. இரவில் தொலைதூரக் கட்டணம் குறைவு என்பதால் அஞ்சலுக்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். சிகாகோவில் குளிர்காலத்தில் அது விடியற்காலை 3 மணி. அந்த நேரத்தில் மனிதர்கள் கூப்பிடக் கூடாது. கணினிகள்தான் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும்.

"நான் அச்சு எந்திரத்துக்கு முன்னால் நிற்பேன். வீட்டில் மனைவி தூங்குவாள். மோடம் தன் வேலையைப் பார்க்கும்" என்றார். ஸ்கோக்கியில் இருந்த யூ.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனம், பிபிஎஸ் நடத்துகிற சிஸ்ஆப்களுக்குச் சலுகை விலையில் விற்ற மோடம் அது. இன்னும் அலமாரியில் இருக்கிறது.

ஆனால் அவர் பெருமையோடு எடுத்துக் காட்டியது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய பேட்ச் கோப்பை அச்சடித்த தாளைத்தான். ஓரமெல்லாம் பென்சில் திருத்தங்கள். அஞ்சல் மென்பொருள் வேலையை முடித்து வெளியேறும்போது 'எர்ரர்லெவல்' என்று ஒரு எண்ணை விட்டுச் செல்லும். அஞ்சல் வந்திருந்தால் ஒரு எண், மனிதர் அழைத்திருந்தால் வேறொன்று. அந்த எண்ணைப் பார்த்துக் கோப்பு கிளை பிரியும்: வந்த பொதியைப் பிரித்து உரிய இடங்களில் போடு, போக வேண்டியதைக் கட்டு, திரும்பவும் காத்திரு. மறுமுனை எங்கேஜ்டாக இருந்தால் எத்தனை தடவை முயல வேண்டும் என்பதும் அவர் வகுத்த கணக்கு. பல வருட இரவுகளின் அனுபவம் அந்தத் தாளில் இருந்தது.

தொலைதூர அழைப்புக் கட்டணத்தை அவர் சம்பளத்திலிருந்து கட்டினார். ஊரார் கடிதத்தைச் சுமந்ததற்குக் கூலி கேட்கவில்லை. நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு பார்த்தது தொலைபேசி நிறுவனம். இன்று அதே பொதிகள் இணையம் வழியே போகின்றன. நிமிடக் கணக்கு ஒழிந்தது. அந்த இடத்தில் வேறு இடைத்தரகர்கள் வந்துவிட்டார்கள். நாம் எழுதியதை அவர்கள் கிடங்கில் வைத்துக்கொண்டு, எதை, எப்போது, எந்த வரிசையில் காட்டலாம் என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். கணக்கு முடக்கப்பட்டால் பத்து வருடக் கடிதமும் அதோடு போச்சு. இதை வசதி என்று ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பெரியவரின் தானியங்கி ஏற்பாட்டில் நேரத்தைக் குறித்தவர் அவர். விதியை எழுதியவரும் அவர். பொதியை இறக்கிக்கொண்டவருக்குக் கடிதமும் சொந்தமாக இருந்தது. பிபிஎஸ் மூடிப்போனாலும் அதைப் படிக்கலாம். செய்திச் செயலி செய்கிற இளைஞர்கள் அவரிடம் கற்க வேண்டியது இதைத்தான்: ஊரார் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன், சேர்த்தபின் விலகிக்கொள்ள வேண்டும்.