ஒத்தி வீடும் வட்டியும்

போடியில் வீடு மாறுவோர் பலர் முதலில் தேடுவது ஒத்தி வீட்டையே. ஏலக்காய் விற்ற பணத்தை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்ததும் முழுத்தொகையையும் திரும்பப் பெறுகிறார்கள். “ஹஜ்ரத், வட்டின்னு ஒரு பைசா வாங்கலையே?” என்று மதரஸாப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு.

முழுதும் திரும்பிவரும் தொகை கடன். அக்கடனுக்காக இலவசமாகக் குடியிருப்பது கடனால் வரும் ஆதாயம். வீட்டுக்காரர் சம்மதித்தாலும் அது வட்டியே. பெயருக்கு நூறு ரூபாய் வாடகை எழுதிக்கொள்வதை மாற்றுவழியாக நான் கருதவில்லை. கையில் பணமிருப்பவர் ஓராண்டு வாடகையை முன்கூட்டியே செலுத்தி, அதற்காகக் குறைத்துக் கேட்கலாம். அத்தொகை திரும்பி வராது. எனவே அது கடனாகாது. ஏற்கெனவே ஒத்தியில் இருப்போர் இன்றே நியாயமான வாடகை பேசி, கொடுத்த தொகையில் மாதந்தோறும் கழித்து வரட்டும். திருக்குர்ஆன் 2:282 பணிப்பதுபோல் தவணையைக் குறிப்பிட்டு எழுதி, சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக வாங்குவோர் வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் பார்ப்பது வழக்கம்தான். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் வாங்குவோர்க்கு அது போதாது. அங்கே ஏலச் சாகுபடிக்கென்றே குத்தகைக்கு விடப்பட்ட நிலங்கள் உண்டு. முன்பணம் கொடுக்குமுன் நிலத்தின் வகையை வில்லேஜ் ஆபீஸில் கேட்டறியுங்கள்.

விற்போரே, ஐப்பசி மழையில் ஒழுகும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டு விலை பேசாதீர்கள். குறையை மறைத்து விற்றால் அவ்வணிகத்தின் பரக்கத் அழிக்கப்படும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழி. ஒழுகும் இடத்தைக் காட்டி, விலையைக் குறைத்தே விற்றுவிடுங்கள்.