ஒரு வரிசைக்கு இரண்டே நிறம்

ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் இடையே கிடக்கும் ஃபேர் ஐல் தீவு 5 கிலோமீட்டர்கூட நீளமில்லை. செங்குத்துப் பாறை, ஓயாத காற்று, கடற்பறவைகள், ஆடுகள். மரம் என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. அதன் பெயரில்தான் உலகமெங்கும் வண்ண ஸ்வெட்டர் விற்கிறது.

அந்தத் தீவுப் பின்னலின் சட்டம் கறாரானது. ஒரு வரிசையில் இரண்டு நிறம்தான். அப்போதைக்கு வேண்டாத நூல் பின்பக்கம் தொங்கலாக ஓடும். தொங்கல் நீண்டால் போடும்போது விரல் மாட்டும் என்பதால், ஐந்தாறு கண்ணிக்குள் நிறம் மாறியாக வேண்டும். மலையையும் படகையும் படமாக வரைய இதில் இடமே இல்லை. அறுகோணமும் பெருக்கல் குறியும்தான் மாறி மாறி வரும். அப்படியானால் தீவு எங்கே நுழைகிறது? நிறத்தில். வடிவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டொரு வரிசைக்கு ஒருமுறை பின்னணி நூல் மாறும்.

லூயிஸ் தீவுக்காரரான ஆலிஸ் ஸ்டார்மோர் 1988இல் வெளியிட்ட ஃபேர் ஐல் பின்னல் புத்தகத்தைப் படித்த பிறகுதான் நான் நிலத்தைக் குனிந்து பார்க்கத் தொடங்கினேன். தூரத்தில் நின்றால் கரிச்சேற்று நிலம் வெறும் பழுப்பு. மண்டியிட்டால் பழுப்பைக் காணோம்: துருச்சிவப்பாய் ஒரு பாசி, வைக்கோல் வெளிறலில் புல், ஹெதர் செடியில் காய்ந்துபோன ஊதா, குட்டைத் தண்ணீரில் ஈயநிற வானம். இவற்றுக்கு நூல் தேடி ஓர் அட்டையில் வரிசையாகச் சுற்றுவேன். பிறகு போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம். துருச்சிவப்பும் ஊதாவும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி தேறாது. எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியிருந்தாலும் ஒன்றை எடுத்துவிட வேண்டும். சில நிறங்களை ஆடே தந்துவிடுகிறது. மூரிட் என்பது செம்பழுப்பு, ஷேலா கருஞ்சாம்பல். பழைய பின்னல்களில் அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் கூடச் சேரும்.

ஷெட்லாந்துப் பெண்கள் அடுப்பெரிக்கும் கரிச்சேற்றுக் கட்டி நிறைந்த கூடையை முதுகில் சுமந்தபடியே பின்னிக்கொண்டு நடந்தார்கள். இடுப்பில் குதிரைமயிர் அடைத்த தோல்பட்டை இருக்கும். அதன் துளையில் ஊசி முனையைச் செருகிவிட்டால் வலது கைக்குப் பாரமில்லை. ஆனால் 1588இல் ஃபேர் ஐலில் உடைந்த 'எல் கிரான் கிரிஃபோன்' கப்பலின் ஸ்பானியர்தான் இந்த வடிவங்களைக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கதை இன்னும் உலவுகிறது. ஆதாரம் கிடையாது. பெண்களே யோசித்திருப்பார்கள் என்று நம்ப அத்தனை தயக்கம்!

எல்லாவற்றையும் உருளையாகவே பின்னுவார்கள். வடிவத்தின் முகம் எப்போதும் கண்முன்னே இருக்கும். கைக்கும் முன்திறப்புக்கும் உபரியாகச் சில கண்ணிகள் விட்டு, கடைசியில் அவற்றின் நடுவே கத்தரிக்கோல் போடுவார்கள். பார்ப்பவர்கள் பதறுவார்கள். ஷெட்லாந்துக் கம்பளியின் சிலும்பு ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் கண்ணி எளிதில் அவிழாது. வழவழப்பான மெரினோ நூலென்றால் மட்டும், வெட்டும் கோட்டின் இருபுறமும் தையல் போடாமல் கத்தரியைத் தொடாதீர்கள்.