பொன்மலையில் ஒரு கழுகுக் கோட்டை

1990களின் நடுவே திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்த எங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் வேப்பமரத்தடி கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, எதிர் வரிசை அண்ணன் வீட்டு டிவி கேம்.

1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த ரயில்வே பணிமனையை நம்பி வாழ்ந்த ஊர் எங்களுடையது. அடுப்பில் உலை வைப்பதுகூடப் பணிமனைச் சங்குச் சத்தத்தைக் கேட்டுத்தான். வெயில் ஏறியதும் கிரிக்கெட் கலையும். அண்ணன் வீட்டுக் கூடத்துச் சிவப்புத் தரையில் போய் உட்காருவோம். அவருடைய மாமா சென்னை பர்மா பஜாரில் வாங்கித் தந்ததுதான் அந்த டிவி கேம் பெட்டி. 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு இதன் வயரைச் செருகி, சேனலைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும். கேசட்டில் எத்தனையோ விளையாட்டுகள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: நாம்கோ நிறுவனம் 1985இல் கொண்டுவந்த 'பேட்டில் சிட்டி'. எங்கள் பேச்சில் அது 'டேங்க் கேம்'.

திரையின் அடியில், செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. மேலிருந்து ஸ்டேஜுக்கு இருபது எதிரி டேங்குகள் இறங்கும். கழுகு அடிபட்டால் எத்தனை லைஃப் மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. மஞ்சள் டேங்க் அண்ணனுக்கு, பச்சை எனக்கு. "நீ கழுகைப் பாத்துக்கடா, நான் மேல போறேன்" என்பார். காவலுக்கு நிற்பது சின்ன வேலை இல்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். எந்தச் செங்கலை உடைத்தால் எதிரிக்கு வழி திறக்கும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். மண்வெட்டி கிடைத்தால் கழுகைச் சுற்றிய சுவர் கொஞ்ச நேரம் இரும்பாகும்; கடிகாரம் கிடைத்தால் எதிரிகள் உறைந்து நிற்பார்கள். அவசரத்தில் நான் அண்ணனைச் சுட்டுவிட்டால் மஞ்சள் டேங்க் நகர முடியாமல் மின்னும். "டேய், என்னையவா?" என்று அவர் கத்த, கூடமே சிரிக்கும்.

அண்ணனின் அம்மாவை அத்தை என்போம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்திருந்து, "கழுகுக்கிட்ட ஒருத்தன் வந்துட்டான் பாருடா!" என்று முதலில் குரல் கொடுப்பவர் அவர்தான்.

முப்பத்தைந்து ஸ்டேஜ்களும் பழகிய பிறகு நாங்களே களம் கட்டினோம். கன்ஸ்ட்ரக்‌ஷன் பகுதியில் செங்கல், இரும்பு, தண்ணீர், காடு, வழுக்கும் பனி என்று கட்டம் கட்டமாக வைக்கலாம். ஒருவன் காடு போடுவான். இன்னொருவன் அதன் நடுவே ஆறு வெட்டுவான். கரண்ட் போனால் கட்டிய ஊர் அத்தனையும் அழிந்துவிடும், பெட்டிக்குச் சேமித்து வைக்கத் தெரியாது. கரண்ட் வந்ததும் வேறோர் ஊர் கட்டுவோம். அந்தக் கூடத்தில் யாரும் தனியாக விளையாடி நான் பார்த்ததில்லை. ஜாய்ஸ்டிக் இரண்டுதான், யோசனை சொல்ல ஏழெட்டுப் பேர்.

இன்றைய விளையாட்டுகளின் அழகு வேறு, ஆழமும் வேறு. ஆனால் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்துத் திட்டம் போடும் சுகத்துக்கு ஈடு கிடையாது. வீட்டில் பிள்ளைகளுக்கு கேம் பெட்டி வாங்கித் தருபவர்கள் இரண்டாவது கன்ட்ரோலரையும் சேர்த்து வாங்குங்கள். பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும்; அது நீங்களாகவே இருந்தால் இன்னும் நல்லது.